அப்பா மில்லுக்குப் போவார்

ஆறாம் வகுப்பில் எங்கள் அறைக்கு இரண்டு சத்தங்கள் உண்டு. ஒன்று, மூன்று மணிக்கு ஊதும் மில் சங்கு. மற்றது, அந்தச் சங்குக்குச் சற்று முன்னால் நாங்கள் ஐம்பது பேர் சேர்ந்து போடும் சத்தம். "ஐ கோ, வீ கோ, யூ கோ, தே கோ, ஹீ கோஸ், ஷீ கோஸ், இட் கோஸ்." பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வதுபோல உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு சொல்வோம். முதல் நான்கும் ஒரே ஓட்டமாக ஓடும். கடைசி மூன்றில் மட்டும் குரல் ஏறும். அந்த "ஸ்" வந்து நாக்கில் முட்டுவதால் அங்கே எல்லோரும் ஒரு அழுத்தம் கொடுப்போம்.

ராஜபாளையத்தில் 1985ஆம் வருஷம் அது. எங்கள் பள்ளியில் ஆங்கிலம் மூன்றாம் வகுப்பில் தொடங்கியது. ஆனால் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அது பொருள்களின் பெயராகத்தான் இருந்தது. பூனை, பாய், பந்து, மூக்கு, முழங்கால். நாலுகோட்டு நோட்டில் மேல்கோட்டைத் தொட்டும் கீழ்கோட்டை இடிக்காமலும் எழுதினால் ஆங்கிலம் தெரியும் என்று அர்த்தம். எங்கள் பூனை பாயில் உட்கார்ந்தே இருந்தது. அது எழுந்து போனது ஆறாம் வகுப்பில்தான். வினைச்சொல் வந்ததும் மொழிக்கு உயிர் வந்ததுபோல எனக்குத் தோன்றியது. கூடவே அந்த எஸ்ஸும் வந்தது.

ஆங்கில வாத்தியார் சத்திரப்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊர் அது. ஆஸ்பத்திரிகளில் கட்டுப்போடும் பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். அவர் வீட்டிலும் தறி இருந்தது. அதனாலோ என்னவோ, அவர் இலக்கணம் சொன்னால் அதில் இழையும் முடிச்சும் வந்துவிடும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் மில்காரர் பிள்ளைகள் என்பதால் அது சட்டென்று புரிந்தது. அறுந்த நூலை விரல்நுனியில் பிடித்து ஒட்டுவதுதான் எங்கள் அப்பாமார்களின் பிழைப்பு.

"எஸ்ஸு ஒரு முடிச்சு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முடிச்சுதான் கையில இருக்குன்னு வச்சுக்கங்க. பசங்க பல பேரா இருந்தா முடிச்ச பசங்க மேல போட்ருவோம். பாய்ஸ் கோ. ஒரே பையன்னா அவனுக்கு முடிச்சு வேண்டாம், போற வேலைக்குப் போடுவோம். பாய் கோஸ்."

இதைவிடத் தெளிவாக அந்த எஸ்ஸை எனக்கு இன்றுவரை எவரும் சொன்னதில்லை. பெயரின் வாலில் எஸ் வந்தால் பன்மை, வினையின் வாலில் வந்தால் ஒருமை என்று புத்தகம் சொல்லும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஒரே எழுத்து இங்கே பலரையும் அங்கே ஒருவரையும் குறித்தால் எதை நம்புவது? முடிச்சு ஒன்றுதான் என்றதும் குழப்பம் தீர்ந்தது. "மென்", "சில்ட்ரன்" போல முடிச்சே இல்லாமல் பன்மையாகும் சொற்களுக்கு இது பொருந்தாது என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் கை பழகிவிட்டிருந்தது.

கேள்வி வாக்கியம் வந்தபோதும் அதே முடிச்சுதான் காப்பாற்றியது. "டஸ் தி பாய் கோ?" என்று எழுதிப்போட்டுவிட்டு, "முடிச்சு எங்க?" என்று கேட்டார். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி ஓடிப்போய் "டஸ்"ஸின் வாலைத் தொட்டுக் காட்டினாள். "அது முன்னால போயிருச்சு. அதான் கோ வெறுங்கையோட நிக்குது." அன்றைக்கு வகுப்பில் எவரும் "டஸ் ஹீ கோஸ்" என்று எழுதவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் அது.

என் சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. "மை ஃபாதர்" என்று தலைப்புப் போட்டு ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார். நான் எழுதியதில் மூன்றில் சிவப்பு மை சுழித்திருந்தது. "மை ஃபாதர் ஒர்க் இன் எ மில்." "ஹீ கோ டு மில் அட் செவன்." "ஹீ கம் ஹோம் அட் த்ரீ." மூன்றிலும் எஸ் இல்லை.

எனக்கு எஸ் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். தமிழில் நாய் வருகிறது, பையன் வருகிறான், அப்பா வருகிறார். வினையின் கடைசி எழுத்தில் ஆளின் மதிப்பு இருக்கிறது. அந்த "ஆர்" உண்மையில் பலரைக் குறிக்கும் விகுதி. ஒருவரையே பலராக எண்ணி மதிக்கிறோம். அப்படியிருக்க, எங்கள் பாடப் பொருள் விளக்கத்தில் "ஹீ" என்றால் "அவன்" என்று போட்டிருந்தது. "ஹீ கோஸ்" என்றால் அவன் போகிறான். அப்பாவை அந்த வரிசையில் எப்படி வைப்பது? "தே கோ" என்று பலருக்கு வரும் வரிசைதான் அப்பாவுக்கு ஏற்றது என்று முடிவுசெய்து, எஸ்ஸை எடுத்துவிட்டேன். பத்து வயதில் நான் மொழியைப் பற்றித் தனியாக யோசித்து எடுத்த முதல் முடிவு அதுதான். அதற்குத்தான் சிவப்பு மை விழுந்தது.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

"சார், அப்பாவுக்கும் நாய்க்கும் ஒரே எஸ்ஸா சார்?"

அவர் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. நோட்டை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

"ஏம்மா, ஹீன்னா அவன்னு யாரு சொன்னா?"

"புக்குல இருக்கு சார்."

"அவனும் ஹீதான், அவரும் ஹீதான். காந்தி ஹீ. கலெக்டர் ஹீ. நம்ம பியூனும் ஹீதான். அங்க ராணியவே ஷீன்னுதான் எழுதுவாங்க. அவங்க மரியாதைய வேற எடத்துல வச்சிருக்காங்க. வினையில தேடாத."

காந்தியும் பியூனும் ஒரே வரிசையில் நின்றது எனக்குப் பிடித்திருந்தது. எஸ்ஸைப் போட்டு எழுதினேன். ஆனாலும் "மை ஃபாதர் கோஸ்" என்று வாய்விட்டுப் படிக்கும்போது கொஞ்ச நாளைக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டேயிருந்தது. என்னிடம் இன்று படிக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் தயங்கினால் எனக்குக் கோபம் வருவதில்லை. எஸ்ஸை விட்டது எப்போதும் கவனக்குறைவு ஆகிவிடாது. சில சமயம் அதற்குப் பின்னால் ஒரு வளர்ப்பு இருக்கும்.

அடுத்த சிக்கலை வீட்டில் பாட்டி அவிழ்த்தார். எழுதிய ஐந்து வாக்கியத்துக்கும் பக்கத்திலேயே தமிழ் எழுத வேண்டும். அந்த வாரம் அப்பாவுக்கு முழு நைட். இரவு பதினொரு மணிக்குப் போய்க் காலை ஏழு மணிக்குத் திரும்பி, தலைமயிரிலும் புருவத்திலும் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டுக் குளித்து, கஞ்சி குடித்துவிட்டு நடுவீட்டில் பாய்விரித்துப் படுத்துவிடுவார். அது விடுமுறை நாள். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். பாட்டி முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் தூணில் சாய்ந்து சத்தமாகப் படித்தேன். "என் அப்பா மில்லுக்குப் போகிறார்."

முறம் நின்றது.

"எங்கத்தா போறான்? இந்தா தூங்குறான்ல?"

"இல்ல பாட்டி, பாடம். தினமும் போறார்ல, அதச் சொல்றேன்."

"அப்பப் போவான்னு சொல்லு. போறான்னா இப்பப் போறான்னு ஆயிரும்."

நான் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தேன். பாட்டி எழுத்தே அறியாதவர். ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எங்கள் வீட்டில், தெருவில், கடையில், நாள்தோறும் நடப்பதை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா ஏழு மணிக்குப் போவார். மூன்று மணிக்குச் சங்கு ஊதும். பால்காரர் வருவார். வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளிப்பாள். ஆனால் இந்த "போவார்", "ஊதும்", "வருவார்" எல்லாமே எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் எதிர்காலம் என்ற தலைப்பின் கீழ் இருந்தன. ஆங்கிலப் புத்தகமோ இதையே "பிரசன்ட்" என்கிறது, நிகழ்காலம் என்று தமிழ்ப்படுத்துகிறது. "வேலை பார்க்கிறார்" என்று சொன்னால் அது நிற்கிறது. அங்கே "பார்க்கிறார்" தொழிலைச் சொல்கிறது. "தினமும்" என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தால் "போகிறார்" என்பதும் நிற்கும். ஆனால் எதையும் சேர்க்காமல், வெறுமனே வழக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் எங்கள் வாயில் வருவது "போவார்".

வாத்தியாரிடம் பாட்டி சொன்னதைச் சொன்னேன். அவர் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "பரீட்சையில போகிறார்னு எழுது. மனசுல போவார்னு வச்சுக்க" என்றார்.

அந்த ஒரு வரியால்தான் எனக்கு அந்த டென்ஸ் வசப்பட்டது. "ஐ கோ" என்றால் நான் போகிறேன் என்று படித்தவரை, "ஐ ஆம் கோயிங்" என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்கும் தமிழ் ஒன்றே. "ஐ கோ" என்றால் நான் போவேன், வழக்கமாகப் போகிறவள் நான், என்று மனதில் வைத்த பிறகு இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இப்போது தெருவில் நடந்துகொண்டிருப்பது ஒன்று. நடந்தாலும் நடக்காவிட்டாலும், அப்பா பாயில் உறங்கிக்கொண்டிருந்தாலும், உண்மையாக இருப்பது மற்றொன்று. "பிரசன்ட்" என்ற பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது உண்மை கண்ணில் படாது.

நம் பள்ளிகளில் "நிகழ்காலம்" என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். அதன் விலையைப் பிள்ளைகள் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார்கள். "ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் டெய்லி" என்று நாற்பது வயதில் ஒருவர் சொன்னால், அவரைத் திருத்துகிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர் செய்தது என்ன? "போகிறேன்" என்று கற்றுக்கொடுத்ததைப் "போகிறேன்" என்றே திருப்பிச் சொல்கிறார். அவருக்குள் "போவேன்" என்ற சரியான சொல் இருந்தது. அதைப் பாடத்துக்குள் விடாமல் கதவைச் சாத்தினோம்.

"இங்" போட்ட வடிவம்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு வேறொரு காரணமும் இருப்பதைப் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் ஆடம், ஈவ், சாரா என்று பெயர் சூட்டிய மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து, 1973இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலத்தின் 14 சின்னஞ்சிறு இலக்கண உறுப்புகளைக் குழந்தைகள் எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். தொடக்கத்திலேயே வருவது "இங்". பெயர்ச்சொல்லின் பன்மை எஸ்ஸும் சீக்கிரம் வருகிறது. வினைச்சொல்லில் ஒட்டும் எஸ் அவற்றுக்கெல்லாம் வெகுவாகப் பிந்தித்தான் வருகிறது. தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்த குழந்தையும் "ஹீ கோ" என்ற கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறது. இதைப் படித்த அன்று, ஆறாம் வகுப்பில் கையை நீட்டி அடி வாங்கிய என் தோழிகள் ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பக்கத்துக் கிராமப் பேச்சில் அந்த எஸ் இல்லவே இல்லை. "ஹீ கோ", "ஷீ சே" என்றுதான் அங்கே பழைய ஆட்கள் பேசிவந்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஆங்கில வினைக்கும் நம்முடையதைப்போல ஆளுக்கொரு விகுதி இருந்தது. நீ என்பதற்குத் "தௌ" என்ற சொல் இருந்தது, அதற்கு வினை "கோயஸ்ட்". அவன் என்பதற்கு "கோயெத்". 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் முழுக்க அந்த "எத்" ஓசைதான். எஸ் என்பது வடக்கத்திப் பேச்சிலிருந்து தெற்கே இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக "எத்"தின் இடத்தைப் பிடித்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டும் பக்கம் பக்கமாகவே கிடக்கின்றன. மற்ற விகுதிகள் எல்லாம் தேய்ந்து உதிர்ந்துவிட்டன, இந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது. இது தெரிந்த பிறகு அந்த எஸ்மேல் எனக்கு ஒரு பரிவு வந்தது. பெரிய வீட்டில் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கும் கிழவியைப் பார்ப்பதுபோல.

ஆனால் இவை எதுவும் மதுரையில் ஓர் இரவு எனக்குக் கிடைத்ததற்கு ஈடாகாது.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழி தமிழ் இலக்கியம். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் விளக்கணைத்த பிறகும் இருட்டில் சூத்திரங்களை உருப்போட்டுக்கொண்டிருப்பாள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வினையியல். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓர் இரவு அவள் ஒரு சூத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பொருளையும் சொல்லிப்பார்த்தாள். மூன்று காலத்திலும் இயல்பாக நிலைத்து நிற்கும் ஒன்றைச் சொல்ல வந்தால், அதை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். அந்தப் பொதுச்சொல் "செய்யும்" என்ற வாய்பாட்டில் வரும் சொல் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் மலை நிற்பது, ஞாயிறு இயங்குவது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "திரும்பச் சொல்லு" என்றேன்.

எந்த ஆங்கில இலக்கணப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த டென்ஸுக்கு முதலில் நிற்கும் உதாரணம் சூரியன். "தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்." என்றும் மாறாத உண்மைகளைச் சொல்ல இதைப் பயன்படுத்த வேண்டும் என்று கீழே விதி இருக்கும். நாங்கள் அதைச் "சூரியன் கிழக்கில் உதிக்கிறது" என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். தொல்காப்பியர் பள்ளியில் அதற்கு மதிப்பெண் கிடைத்திருக்குமா தெரியாது. உதிக்கும் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? "மூன்று மணிக்குச் சங்கு ஊதும்" என்று எங்கள் தெருவே சொல்லிக்கொண்டிருந்த அந்த "உம்", புத்தகத்தில் எதிர்காலம் என்று பெயர் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே, நிகழ்காலத்துக்கும் என்றும் உள்ளதற்கும் உரியதாக இலக்கணத்தில் உட்கார்ந்திருக்கிறது. "கிறு", "கின்று", "ஆநின்று" என்று நிகழ்காலத்துக்குத் தனி இடைநிலைகளைப் பட்டியல் போட்டது 13ஆம் நூற்றாண்டின் நன்னூல். சங்கப் பாட்டுகளில் அந்தக் "கிறு"வைத் தேடினால் எளிதில் கண்ணில் படுவதில்லை. பாட்டியின் காது மிகப் பழைய காது.

தோழி அதோடு நிற்கவில்லை. அதே "செய்யும்" என்ற சொல்லைப் பற்றி இன்னொரு விதியும் இருப்பதாகச் சொன்னாள். அந்த முற்று எல்லோருக்கும் வராது. அவன் வரும், அவள் வரும், அது வரும், அவை வரும். ஆனால் நான் வரும் என்று சொல்லக்கூடாது. நீ வரும் என்றும் கூடாது. பலரைக் குறிக்கும் அவருக்கும் அது ஏலாது.

நான் இருட்டில் விரல்விட்டு எண்ணிப்பார்த்தேன். ஹீ, ஷீ, இட். அங்கே அவன், அவள், அது. "அவை" என்ற ஒன்றைத் தவிர, ஆறாம் வகுப்பில் குரல் ஏறும் கடைசி மூன்றும் அதே மூன்று. எங்கோ வடகடலோரத்து ஒரு மொழியும் நம்முடையதும், ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாமல், வழக்கத்தைச் சொல்லும் வடிவத்தில் தன்மையையும் முன்னிலையையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, தூர நிற்கும் ஒற்றை ஆளுக்கு மட்டும் ஓர் அடையாளத்தை வைத்திருக்கின்றன. இதனால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எவரும் கதைகட்ட வேண்டாம், அப்படி எதுவும் இல்லை. எனக்கு உறக்கம் போனது வேறொன்றினால். அவர் வரும் என்று சொல்லக்கூடாது என்கிறது இலக்கணம். பத்து வயதில் அப்பாவை அந்த ஒருமை வரிசையில் நிறுத்தத் தயங்கினேனே, அந்தத் தயக்கம் என்னுடையது மட்டும் அல்ல.

1992இல் அப்பாவின் மில் பூட்டப்பட்டது. கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சொன்னார். அப்பா அரை நைட்டுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பின்னிங்கில் நூல் ஒட்டும் சைடராக இருந்த கை அது, இருபத்தாறு வருஷம். அதன்பிறகு பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு குடோனில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார். அதுவும் வாரத்தில் மூன்று நாள், சில வாரம் இரண்டு நாள்.

1994இல் மேற்படிப்புக்காக ஓர் இன்டர்வியூவுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வி, பேச்சைத் தொடங்குவதற்காகக் கனிவோடு கேட்டது. "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?"

முடிச்சு முன்னால் போயிருக்கிறது என்று எனக்குள் ஒரு குரல் தன்னாலே சொன்னது. பதில் ஆறாம் வகுப்பிலிருந்தே தயாராக இருந்தது. எஸ்ஸைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். "ஹீ ஒர்க்ஸ்" என்று தொடங்கினேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த எஸ் என்ன கேட்கிறது என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நேற்றும் போனார், இன்றும் போவார், நாளைக்கும் போவார் என்று உறுதி சொல்லச் சொல்கிறது. அப்பா போகவில்லை. "ஒர்க்ட்" என்று இறந்தகாலத்தில் சொல்லலாம். அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொன்னால் அப்பாவையே ஏதோ முடிந்துபோனவராக்கி அந்த மேசைமேல் வைப்பதுபோல இருந்தது. தமிழில் கேட்டிருந்தால் திணறியிருக்க மாட்டேன். "அப்பா மில் தொழிலாளி." அவ்வளவுதான். அதில் வினையே இல்லை. வினை இல்லாததால் காலமும் இல்லை. இப்போதும் போகிறாரா, மில் ஓடுகிறதா என்று அந்த வாக்கியம் கேட்காது. ஒரு மனிதர் என்னவாக இருக்கிறார் என்பதைக் காலத்தின் கையில் கொடுக்காமல் சொல்ல நம் மொழி இடம் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு "இஸ்" ஆவது போட்டாக வேண்டும். "இஸ்" வந்தால் காலமும் வந்துவிடும்.

"ஹீ இஸ் எ மில் ஒர்க்கர், சார். தி மில் இஸ் க்ளோஸ்ட்."

இரண்டு வாக்கியம். இரண்டும் உண்மை. கேட்டவர் தலையை அசைத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "என்ன கேட்டாங்க?"

"அப்பா என்ன செய்றாருன்னு கேட்டாங்கப்பா."

"என்ன சொன்ன?"

"அப்பா மில் தொழிலாளி, மில் பூட்டியிருக்குன்னு சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. ஓடிக்கொண்டிருந்த வேறு ஏதோ ஒரு மில்லில் மூன்று மணிச் சங்கு ஊதியது. அப்பா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

நான் பள்ளி ஆசிரியை ஆனேன். சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தப் பாடம் வரும் வாரத்தில் முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதில்லை. நிகழ்காலம் என்ற சொல்லை உச்சரிப்பதும் இல்லை. உங்கள் வீட்டில் தினமும் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்பேன். கைகள் எழும். "அம்மா பட்டாசு ஆபீசுக்குப் போவாங்க." "ஆறரைக்கு வேன் வரும்." "தாத்தா ஆடு மேய்ப்பாரு." "எங்க நாயி வேன் சத்தம் கேட்டாக் கொலைக்கும்." கரும்பலகையின் இடப்பக்கம் முழுவதையும் தமிழில் எழுதுவேன். வாங்க, ரும், பாரு, கும் என்று வால்கள் எல்லாம் அவர்கள் கண்முன்னே வரிசையாக நிற்கும். வலப்பக்கம் ஆங்கிலம் எழுதும்போது அத்தனை வால்களுக்கும் பதிலாக அந்த ஒற்றை எஸ்ஸைப் போடுவேன். முடிச்சுக் கதையையும் சொல்வேன். அதைச் சொல்லும்போது சத்திரப்பட்டி சைக்கிள் ஒன்று கண்ணுக்குள் வந்து நிற்கும்.

போன வருஷம் பின்வரிசையில் ஒரு பெண். எளிதில் வாய் திறக்காதவள். "உங்க அப்பா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா திருப்பூர்ல இருக்காரு டீச்சர். பனியன் கம்பெனி. தீபாவளிக்கு வருவாரு."

இடப்பக்கம் அதை எழுதினேன். வலப்பக்கம், "மை ஃபாதர் கம்ஸ் ஹோம் ஃபார் தீபாவளி" என்று எழுதினேன். எழுந்து நின்றபடியே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கம்ஸ்னு போட்டா இந்த வருசமும் வருவாருன்னு அர்த்தமா?"

"ஆமாம்மா. எப்பவும் வருவார்னு அர்த்தம்."

அவள் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதினாள். நான் வரிசைகளுக்கிடையே நடந்து அவளிடம் வந்தபோது, எழுதி முடித்த எஸ்ஸின்மேல் பென்சிலை வைத்து மறுபடி ஒருமுறை இழுத்துக்கொண்டிருந்தாள்.